பட்டியலில் இல்லாத முருகன்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற காற்றாலைப் பராமரிப்புக் கம்பெனியிலிருந்து போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். ஒப்பந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். சங்கரன்கோவிலில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஆட்டோவில் போகிற தூரம்தான். போனேன்.

இப்போதெல்லாம் ஒப்பந்தத்தை யாரும் எழுதுவதில்லை. ஒப்பந்ததாரர் பெயர், என்ன வேலை, எவ்வளவு தொகை என்று தட்டினால் கம்ப்யூட்டர் பக்கம் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. அதை எனக்குப் பெருமையாகக் காட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். கார்பன் தாள் வைத்து நாலு பிரதி அடித்துக் கை வலித்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கடைசியில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், 'நடைமுறையில் உள்ள எல்லாச் சட்டங்களுக்கும் இணங்கி நடப்பேன்'னு ஒரு ஷரத்து வருது. 'இன்னின்னதுக்கு உத்தரவாதம் தாரேன்'னு இன்னொரு ஷரத்து வருது. எந்த அக்ரிமெண்டை எடுத்தாலும் இது ரெண்டும் அச்சு மாறாம இருக்கு. யாரும் வாசிக்கக்கூட மாட்டுக்காங்க. நெசமாவே இதுனால ஒரு மனுசனுக்கு நல்லதோ கெட்டதோ நடந்து நீங்க பாத்திருக்கியளா?"

பார்த்திருக்கிறேன் என்றேன். சொல்ல ஆரம்பிக்கும்போதே சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பாதியில் விட்டதை வீட்டுக்கு வந்து முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பி.காம். முடித்து, டைப்பிங் இரண்டு மொழியிலும் முடித்து, இந்தக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பனவடலிசத்திரம் பக்கமும் இளையரசனேந்தல் பக்கமும் காற்றாடிகள் முளைக்க ஆரம்பித்திருந்த காலம். காற்றாடிகளுக்குச் சொந்தக்காரர்கள் வேறு. அவற்றை ஓடவைத்துப் பராமரிப்பது எங்கள் வேலை. பெயிண்ட் அடிக்க, கேபிள் இழுக்க, கிரேன் கொண்டுவர என்று உள்ளூர் ஒப்பந்ததாரர்களை நாங்கள் அமர்த்துவோம். ஆக, எங்களுக்கு மேலே ஓர் ஒப்பந்தம், கீழே பல ஒப்பந்தங்கள். கல்யாணமாகி, மகன் பிறந்து, மாமியாரை விட்டுவிட்டு வேலைக்கு வரலாமா கூடாதா என்று வீட்டில் ஒரு வருஷம் பேச்சு நடந்து, அதெல்லாம் ஓய்ந்தபோது நான் ஒப்பந்தப் பிரிவுக்கு வந்திருந்தேன். கொண்டுவந்தவர் எங்கள் தள மேலாளர் ஞானராஜ் சார்.

ஞானராஜ் சார் உயரமானவர். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு பென்சிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவர். அதே குரலில்தான் ஒப்பந்தத்தையும் வாசிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மூச்சு விடுவார். முதல் முறை கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிக்க மாட்டார்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள். ஒன்று, யாரையும் நின்றபடி கையெழுத்துப் போட விடமாட்டார். பில் வாங்க அவசரமாக வருகிற ஒப்பந்ததாரர் மேஜை மேல் குனிந்து பேனாவை நீட்டினால், "உக்காரும்வே. தண்ணி குடியும். பெறவு போடலாம்" என்பார். இரண்டு, ஆங்கிலத்தில் இருக்கும் உத்தரவாதத்தைத் தமிழில் சொல்லி, அதைக் கையெழுத்துப் போடுகிறவர் தன் வாயால் திரும்பச் சொன்ன பிறகுதான் தாளைக் கையெழுத்துக்கு நீட்டுவார். சொல்ல வராவிட்டால் மறுபடி விளக்குவார். ஒரு நாளும் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் கேட்ட இரண்டு ஷரத்துகளுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தடவை கேட்டேன். "ஒண்ணு 'செய்வேன்'ங்குது. இன்னொண்ணு 'இருக்கு'ங்குது" என்றார். சட்டத்துக்கு இணங்குவது நாளைக்கும் மறுநாளும் தொடர்கிற பேச்சு. உத்தரவாதம் அப்படியல்ல. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அது நிஜமாக இருக்க வேண்டும். லைசென்ஸ் இருக்கிறது என்று உத்தரவாதம் தந்துவிட்டு அடுத்த வாரம் போய் லைசென்ஸ் எடுத்தால், எடுத்தது நல்லதுதான்; ஆனால் சொன்ன அன்றைக்கு அது பொய்.

ஒரு காற்றாடியின் கியர்பாக்ஸ் விஷயம் ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூரில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தோம். ஒரு வருஷ உத்தரவாதம், பட்டறையிலிருந்து லாரி கிளம்பிய நாளிலிருந்து. நாங்களும் கையெழுத்துப் போட இருந்தோம். ஞானராஜ் சார் பென்சிலால் அந்த வரியின் கீழே கோடு போட்டார். "எப்பம் வந்து சேரும்?" என்றார். வைகாசி கடைசியில் என்றேன். "ஆனி ஆடிக் காத்துல கிரேன் நிமிந்து நிக்குமா?" என்றார்.

நிற்காது. காற்று அடங்கி, புரட்டாசியில்தான் அந்தப் பெட்டியை மேலே ஏற்ற முடியும். அதுவரை அது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தரையில் கிடக்கும். ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் உத்தரவாதத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். 'மேலே பொருத்தி ஓட்டிப் பார்த்த நாளிலிருந்து' என்று மாற்றச் சொல்லி எழுதினோம். பட்டறைக்காரர்கள் முனகினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். வாசகத்தை வாசிக்கும்போது நம் ஊர்க் காற்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இளையரசனேந்தலில் ஒரு பெரியவர். காற்றாடிக்குப் போகிற பாதைக்காகத் தன் மானாவாரிப் புஞ்சையில் ஒரு துண்டைக் குத்தகைக்குத் தந்தார். 'இந்த நிலத்தின் மேல் யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை' என்ற வரியைச் சொல்லச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி, பங்காளித் தகராறு ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"தகராறு ஒண்ணும் இல்லம்மா. எங்க சித்தப்பா மவன் பம்பாயில இருக்கான். அவன் மனசுல என்ன இருக்குன்னு நான் எப்படி எழுதிக் குடுக்க?"

ஞானராஜ் சார் அவர் சொன்னதையே எடுத்துக்கொண்டார். 'எனக்குத் தெரிந்தவரையில்' என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார். பெரியவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "இது சரி" என்று கையெழுத்துப் போட்டார். சென்னைத் தலைமை அலுவலகம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டு எழுதியது. அந்த மனிதருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று பதில் போட்டோம்.

இதெல்லாம் சின்ன விஷயம். அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் முருகன்தான்.

காற்றாடியின் கோபுரத்துக்குள் ஏணி ஏறி வேலை செய்ய யார் வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு முறை இருந்தது. ஒப்பந்ததாரர் தன் ஆட்களின் பெயர்ப் பட்டியலைத் தர வேண்டும். விபத்து நடந்தால் இழப்பீடு கொடுக்கிற இன்ஷூரன்ஸ் பாலிசியில் அதே பெயர்கள் இருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு நான் முத்திரை வைப்பேன். முத்திரை இருந்தால்தான் வேலை அனுமதிச் சீட்டு. சீட்டு இருந்தால்தான் கேட் திறக்கும். 'என் ஆட்கள் அனைவரும் பட்டியலில் உள்ளவர்கள், இன்ஷூரன்ஸ் செய்யப்பட்டவர்கள்' என்பது ஒப்பந்ததாரரின் உத்தரவாதம். அது பொய்யானால் வருகிற நஷ்டம் முழுவதையும் கம்பெனிக்கு அவரே ஈடுகட்ட வேண்டும் என்பது அடுத்த வரி.

பெயிண்ட் வேலை செல்லப்பாண்டி அண்ணாச்சியுடையது. கரிவலம்வந்தநல்லூர்க்காரர். ஒரு பழைய வேனும் மோட்டார் சைக்கிளும் நம்பிக்கையான சில ஆட்களும் வைத்துப் பிழைத்தவர். ஆட்களுக்கு அவரே சோறு கொண்டுவருவார். அவர் வீட்டுச் சாம்பார் மணம் எங்கள் அலுவலகப் படிக்கட்டு வரை வரும்.

அந்த வருஷம் காற்று தொடங்குமுன் ஒரு வரிசைக் கோபுரங்களுக்கு உள்பக்கம் பெயிண்ட் அடித்து முடித்தாக வேண்டும். பாதி வேலையில் அவருடைய ஆள் சுடலைமுத்து, பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று தகவல் வந்து ஊருக்குப் போய்விட்டான். பதிலுக்குப் பனவடலிசத்திரத்திலிருந்து முருகன் என்பவரைச் செல்லப்பாண்டி கூட்டிவந்தார். முருகன் வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர், நல்ல வேலைக்காரர். பாலிசியில் அவர் பெயரைச் சேர்க்கச் சில நாட்கள் ஆகும். கேட்டில் இருந்த எங்கள் கண்காணிப்பாளன், சின்னப் பையன், வேலை நிற்குமே என்று பயந்தான். "இன்னைக்கு ஒரு நாள்தான அண்ணாச்சி" என்று சொல்லிச் சுடலைமுத்துவின் சீட்டிலேயே முருகனை உள்ளே விட்டுவிட்டான்.

மத்தியானம் இறங்கும்போது முருகன் கோபுரத்தின் நடுவில் உள்ள இரும்புத் தட்டுக்கு மேலே இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முயன்றிருக்கிறார். கால் வழுக்கித் தட்டில் வந்து விழுந்தார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போயின. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

போகும் வழியிலிருந்து செல்லப்பாண்டி எனக்குப் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"மேடம், சங்கரன்கோவில்ல அவசரத்துல முருகன்னு சொல்லிட்டோம். பாளையங்கோட்டையில பேரு கேப்பாவளே. சுடலைமுத்துன்னு மாத்திச் சொல்லிரட்டுமா? சுடலைமுத்துன்னா இன்ஷூரன்ஸ் வந்துரும் மேடம். முருகன்னா ஒண்ணும் வராது."

"ஒண்ணும் மாத்தாதிய அண்ணாச்சி. சாரும் நானும் பின்னாலயே வாரோம்" என்றேன்.

கம்பெனி ஜீப்பில் போனோம். வழியெல்லாம் எனக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி சொன்னதில் என்ன தப்பு? ஏமாற்றுவது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியை. கிடைப்பது படுத்துக் கிடக்கிற ஒருவருடைய குடும்பத்துக்கு. நான் பேசாமல் இருந்தால் போதுமே என்றுகூடத் தோன்றியது.

முருகனை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே அவர் மனைவி முத்துமாரி நின்றிருந்தாள். பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், தட்டை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். விரல்களில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. செல்லப்பாண்டி அவளிடம் பெயர் விஷயத்தை அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்.

ஞானராஜ் சார் அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல், ஒப்பந்தத்தை விளக்குகிற அதே நிதானத்தில் ஆரம்பித்தார்.

"அம்மா, ரெண்டு வழி இருக்கு. ரெண்டையும் சொல்லுதேன். சுடலைமுத்துங்கற பேர்ல சேத்தா இன்ஷூரன்ஸ்ல சீக்கிரம் கேக்கலாம். ஆனா அது பொய். ஒருத்தன் கண்டுபிடிச்சாலும் ஒண்ணும் கெடைக்காது, கேசும் வரும். நெசப் பேர்ல சேத்தா இன்ஷூரன்ஸ் கெடையாது. எங்க கம்பெனிதான் குடுக்கணும். குடுக்க வைக்க நான் பாடுபடுவேன். குடுத்துருவாவன்னு இப்பம் என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது."

அவள் ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"சார், நாளைக்கு எலும்பு கூடிச்சா, கூடலையான்னு சீட்டு குடுப்பாவல்லா? மருந்துச் சீட்டு, படம் எடுத்த சீட்டு எல்லாம்?"

"ஆமாம்மா."

"அதுலயும் சுடலைமுத்துன்னுதான போடுவாவ?"

"ஆமா."

"அப்பம் வீட்டுக்கு வந்தாலும் அவரு சுடலைமுத்தாத்தான் நொண்டணுமா? அந்தச் சுடலைமுத்து இன்னைக்குத்தான் பிள்ளை பெத்துருக்கான். அவன் மறுபடி வேலைக்குப் போவணுமா வேண்டாமா? வேண்டாம் சார். இவருக்குப் பேரு முருகன். அப்படியே எழுதச் சொல்லுங்க."

செல்லப்பாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் எழுந்து போய்ப் பதிவு செய்கிற இடத்தில் பெயரைச் சொன்னேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

அந்த வாரமே சென்னையிலிருந்து சட்டப்பிரிவு அதிகாரி வந்தார். விக்னேஷ் என்று பெயர். சின்ன வயது. ரயிலில் வந்து இறங்கி, முகம் கழுவிய ஈரத்தோடு பெட்டியைத் திறந்தார். இரண்டு கடிதங்கள் தயாராக இருந்தன. ஒன்று, 'அனுமதியில்லாத ஒருவரைக் கூட்டிவந்தது ஒப்பந்ததாரர். அவர் உத்தரவாதத்தை மீறியதால் கம்பெனிக்கு இதில் பொறுப்பில்லை' என்று முருகன் குடும்பத்துக்கு. இன்னொன்று, நடந்ததற்குத் தானே பொறுப்பு என்று செல்லப்பாண்டி கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல்.

ஞானராஜ் சார் முதல் கடிதத்தை வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "கோமதி, நீ சொல்லு" என்றார்.

இரண்டு நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். "சார், அந்த உத்தரவாதம் நமக்கும் செல்லப்பாண்டிக்கும் நடுவுல உள்ளது. முருகன் அதுல கையெழுத்துப் போடலை. இழப்பீட்டுச் சட்டத்துல, தன்னோட வேலையை ஒப்பந்ததாரரை வச்சு முடிச்சுக்கிறவங்கதான் அடிபட்டவருக்கு முதல்ல கட்டணும். கட்டிட்டுப் பெறவு ஒப்பந்ததாரர்ட்ட கேட்டுக்கிடலாம். நம்ம உத்தரவாத ஷரத்து அந்த ரெண்டாவது பாதிக்குத்தான் உதவும். முதல் பாதியை அது அடைக்காது."

விக்னேஷ் ஏதோ சொல்ல வந்தார். ஞானராஜ் சார் அதற்குள் அலமாரியிலிருந்து இன்னோர் ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். காற்றாடிச் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் எழுதிக்கொடுத்தது.

"தம்பி, இதுல நாம என்ன சொல்லியிருக்கோம்? தொழிலாளர் சட்டம் எல்லாத்துக்கும் இணங்கி நடப்போம்னு. செல்லப்பாண்டி பேச்சு தவறிட்டார்னு நீங்க சொல்லுதிய. சரி. இந்தக் கடிதத்தை அனுப்பினா அடுத்த நிமிசம் நாமளும் பேச்சு தவறினவங்க."

விக்னேஷ் இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். மாடியில் போய் யாரிடமோ நெடுநேரம் போனில் பேசினார். இறங்கி வந்தபோது முதல் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"கட்டிரலாம் சார்" என்றார். "எனக்கும் அதை அனுப்ப மனசில்லை. ஆனா செல்லப்பாண்டிகிட்ட திரும்ப வசூல் பண்ற உரிமையை விடச் சொன்னா என்னால முடியாது. அது கம்பெனியோட உரிமை. நான் விட்டா நான் பதில் சொல்லணும்."

அதுவும் நியாயம்தான்.

மறுநாள் செல்லப்பாண்டி வந்தார். சலவைச் சட்டை போட்டு, திருநீறு பூசியிருந்தார். உள்ளே வந்ததும், "எங்க போடணும்?" என்று பேனாவை எடுத்தார். மற்ற ஆட்களின் வேலையாவது பிழைக்கட்டும் என்று எதற்கும் தயாராக வந்திருந்தார்.

"உக்காரும்வே" என்றார் ஞானராஜ் சார்.

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ஒப்புதலை நான் தமிழில் சொன்னேன். கடைசி வரி, 'இந்த விபத்துக்கு முழுக்க முழுக்க நானே காரணம்' என்று இருந்தது.

"மேடம், அந்த வரியை இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன்.

"பட்டியல்ல இல்லாத ஆளைக் கூட்டிட்டு வந்தது நான்தான். அதை எப்படி வேணாலும் எழுதுங்க, போடுதேன். ஆனா அவன் கால் வழுக்குனதுக்கு நான் காரணம்னு எப்படிப் போட? சுடலைமுத்து ஏறியிருந்தா அந்த எடத்துல வழுக்காதா? முருகன் என் தம்பி மாதிரி. நான் விழ வச்சேன்னு அவன் பிள்ளை நாளைக்கு வாசிக்கும்லா."

பட்டியலில் இல்லாதவரைக் கூட்டிவந்தது உத்தரவாத மீறல். விபத்துக்குக் காரணம் என்பது வேறு. இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிட்டது எங்கள் தாள். விக்னேஷ் அதைப் புரிந்துகொண்ட வேகம் எனக்குப் பிடித்திருந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை அவரே அடித்தார். 'உத்தரவாதத்தில் சொல்லியபடி பட்டியலில் உள்ளவரை மட்டும் அனுப்பத் தவறினேன்' என்று மட்டும் எழுதினார். செல்லப்பாண்டி அதைத் தன் வாயால் திரும்பச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு ஞானராஜ் சார் தன்னுடைய அறிக்கையை எடுத்து வைத்தார். கேட்டில் இருந்தது எங்கள் ஆள். சீட்டைச் சரிபார்க்கும் பொறுப்பை எழுதிக்கொடுத்தது நாங்கள். வேறொருவர் சீட்டில் ஆளை உள்ளே விட்டதில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. ஆகவே செல்லப்பாண்டியிடம் பாதிக்கு மேல் கேட்பது முறையல்ல. கண்காணிப்பாளனின் பெயர் அதில் இல்லை. 'என் மேற்பார்வையில் உள்ள கேட்' என்று மட்டும் இருந்தது.

"சார், இது உங்களுக்குத்தானே திரும்பும்" என்றேன்.

"அந்தப் பையன் பேரைப் போட்டா அவனை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. என்னை அனுப்ப மாட்டாங்க, திட்டுவாங்க. திட்டு வாங்குத வயசுதான் எனக்கு."

வேகமாக வேலை முடிக்கச் சொல்லி அந்தப் பையனை நெருக்கியது தான்தான் என்றும் சொன்னார். அது எனக்குத் தெரியும். ஆனால் அதை இன்னொருவர் முன்னால் சொல்லுகிற மேலாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது.

தலைமை அலுவலகம் பாதி என்பதை ஏற்றுக்கொண்டது. செல்லப்பாண்டியின் பில்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளவும் சம்மதித்தது. ஆனால் உத்தரவாதம் மீறியவருக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாது என்ற விதியைத் தளர்த்தவில்லை. அந்தக் கடிதத்தை டைப் செய்ததும் நான்தான், கரிவலம்வந்தநல்லூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. அவர் வாசித்துவிட்டு, "காப்பி குடிச்சிட்டுத்தான் போவணும்" என்றார். அவர் மனைவி கொண்டுவந்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞானராஜ் சாருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோயம்புத்தூர் மண்டல அலுவலகத்துக்குப் பதவி உயர்வில் போக வேண்டியவர், போகவில்லை. வேறொருவர் போனார். நான் வருத்தப்பட்டபோது, "அங்கன போயி நான் யாருகூடப் பேச?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நான்தான் பல நாள் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். உத்தரவாதத்தைக் காப்பாற்றுவதற்கும் ஒரு விலை உண்டு, அதை எந்த ஷரத்திலும் எழுதுவதில்லை.

இழப்பீடு கைக்கு வருவதற்குள் முருகனுக்கு ஊனம் எவ்வளவு என்று டாக்டர் சான்று தர வேண்டியிருந்தது. கடைசியில் திருநெல்வேலியில் இழப்பீட்டு ஆணையர் முன்னால் ஆஜராகச் சொன்னார்கள். கம்பெனி சார்பில் நான் போனேன். முத்துமாரி வந்திருந்தாள். முருகன் இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி நின்றார். மெலிந்து, மீசை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. செல்லப்பாண்டிக்கு அன்றைக்கு அங்கே வேலையே இல்லை. அவரை யாரும் கூப்பிடவுமில்லை. ஆனாலும் வந்து ஓரமாக நின்றிருந்தார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். "நான்தான் சார்" என்று முருகன் முன்னால் போனார். நாற்காலி போட்டார்கள். சான்றிதழ், எக்ஸ்ரே சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு ஒவ்வொன்றிலும் இருந்த பெயரைக் குமாஸ்தா ஒத்துப் பார்த்தார். ஓர் இடத்தில்கூட எழுத்துத் தட்டவில்லை. நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது முத்துமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் டீ வாங்கிக்கொண்டிருந்தபோது முருகன் செல்லப்பாண்டியைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, நான் இனி ஏணி ஏற முடியாதுன்னுட்டாவ. கீழ நின்னு பெயிண்டு கலக்குத வேலை ஏதும் உண்டுமா?"

"எனக்கே கம்பெனி வேலை போச்சுல மக்கா" என்றார் செல்லப்பாண்டி. "கோவில்பட்டி ரோட்டுல ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கக் கேட்டிருக்கேன். அது கெடைச்சா வா."

"கெடைக்கலைன்னா?"

"கெடைக்கலைன்னாலும் வா. ரெண்டு பேரும் சேந்து தேடுவோம்."

டீக்கடைக்காரர் கிளாஸ்களை நீட்டினார். முருகனால் கட்டையை விட்டுவிட்டு வாங்க முடியவில்லை. செல்லப்பாண்டி தன் கிளாஸை என்னிடம் கொடுத்துவிட்டு, முருகனின் கிளாஸை வாங்கி, ஆற்றி, அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். முருகன் குடித்து முடிக்கும் வரை நாலு பேரும் அப்படியே நின்றோம்.